வேளாண் அறிவியல் படிக்கும் மாணவருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்: மூன்று போல்டர், மூன்று ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில வாரங்கள் பாட்டும் படமும் ஓடும். அதன் பிறகு, “பிள்ளையின் படிப்புக்கு என்றுதானே வாங்கினோம், இதில் என்ன படிப்பது?” என்ற கேள்வி வரும். இயற்பியல், கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் எடுத்துப் படிக்கும் மாணவருக்கு எது உதவும், அதை எப்படிச் சேர்ப்பது, சேர்த்ததை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். மவுஸைப் பிடிக்கவும், ஒரு பைலைத் திறந்து சேவ் செய்யவும் தெரிந்தால் போதும். மற்றவற்றை இங்கேயே கற்றுக் கொள்ளலாம்.

தமிழகத்தில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. வேளாண்மை அதில் உள்ள பாடங்களில் ஒன்று. புதிய பாடத்திட்டம் 11-ஆம் வகுப்புக்கு 2018-19 கல்வியாண்டிலும், 12-ஆம் வகுப்புக்கு 2019-20 கல்வியாண்டிலும் வந்தது. வேளாண் அறிவியலுக்குக் கருத்தியல், செய்முறை என இரண்டு நூல்களும் தமிழிலேயே உள்ளன. எனவே புத்தகம் இல்லை என்ற குறை கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பாடநூல் மாநிலம் முழுமைக்கும் எழுதப்பட்டது. தஞ்சாவூரின் வாய்க்கால் பாசனத்துக்கும், நீலகிரியின் மலைத் தோட்டத்துக்கும், சிவகங்கையின் கண்மாய்ப் பாசனத்துக்கும் ஒரே புத்தகம்தான். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள கண்டரமாணிக்கத்தை எடுத்துக் கொள்வோம். செட்டிநாட்டுப் பகுதிக்கே உரிய செம்மண்ணும் செம்புறை மண்ணும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாய்களும், மழைக்கு முன்பே செய்யும் புழுதி விதைப்பும் கொண்ட பகுதி இது. இங்கே படிக்கும் ஒரு மாணவர் புத்தகத்தில் உள்ள எண்ணைத் தன் வீட்டு வயலுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. ஹெக்டேரை ஏக்கராக்க வேண்டும்; சத்தை உர மூட்டையாக்க வேண்டும்; பழைய தகவலா, புதிய தகவலா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் கம்ப்யூட்டர் மிகவும் உதவும்.

முதல் வேலை: மூன்று போல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யவும். கிடைக்கும் மெனுவில் நியூ, அதன் பின் போல்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதற்கு “வேளாண் அறிவியல்” என்று பெயர் கொடுக்கவும். அதைத் திறந்து, உள்ளே இதே முறையில் மூன்று போல்டர்களை உருவாக்கவும்.

1. பாடம்: பாடநூல்கள், பல்கலைக்கழகத் தகவல்கள்
2. எங்கள் ஊர்: மண் பரிசோதனை அட்டை, மழை அளவு, வயல் போட்டோக்கள்
3. செய்முறை: நீங்களே தயாரிக்கும் கணக்குகள், பதிவேடுகள்

எல்லாவற்றையும் டவுன்லோட்ஸ் போல்டரிலேயே விட்டுவைத்தால் ஒரு மாதம் கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பைலைச் சேமிக்கும்போதே இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்து விடுங்கள்.

எங்கிருந்து எடுப்பது?

பாடநூல்: பிரவுசரைத் திறந்து “பதினொன்றாம் வகுப்பு வேளாண் அறிவியல் பாடநூல்” என்று தமிழிலேயே தேடுங்கள். தமிழக அரசின் தளத்திலிருந்து பிடிஎப் பைலாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் அப்படித்தான் முடியும். பல்கலைக்கழகம், கல்லூரிகளின் முகவரி ஏசி டாட் இன் என்று முடியும். வேறு தளங்களில் கிடைக்கும் “கைடு”களைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம்.

வேளாண் பல்கலைக்கழகம்: கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது. அது 1906-ல் கோவைக்கு வந்தது; 1971-ல் பல்கலைக்கழகமானது. இந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் அக்ரிடெக் போர்ட்டல் என்ற தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. பயிர் சாகுபடி, உரம், பூச்சி, நோய் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. நோய் தாக்கிய இலைகளின் படங்களும் உள்ளதால் செய்முறை வகுப்புக்கு மிகவும் ஏற்றது.

அருகில் உள்ள நிறுவனங்கள்: கண்டரமாணிக்கத்தைச் சுற்றியுள்ள மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குன்றக்குடியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், அரசு கால்நடைப் பண்ணையும் உள்ளன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்டவை உள்ளன. இணையத்தில் படித்தது நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று நேரில் கேட்க இவை சரியான இடங்கள். ஆசிரியர் மூலம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

மொபைல் போனில்: தமிழக அரசு 2018-ல் வெளியிட்ட உழவன் செயலியை வீட்டில் ஒருவரின் போனில் நிறுவிக் கொள்ளலாம். 2004-ல் தொடங்கிய கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் அழைத்துத் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம்.

ஒரு வெப் பக்கத்தைச் சேமிக்க, அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பி கீயைத் தட்டவும். பிரிண்ட் விண்டோ கிடைக்கும். அதில் பிரிண்டரின் பெயர் உள்ள இடத்தில் சேவ் அஸ் பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்து, சேவ் பட்டனை அழுத்தி, “பாடம்” போல்டரில் சேமிக்கவும். இதன் பின் இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம். பென் டிரைவில் பள்ளிக்கும் எடுத்துச் செல்லலாம்.

தேதியைப் பார்க்காமல் பிரிண்ட் எடுக்க வேண்டாம்

மற்ற பாடங்களில் பழைய தகவலைப் படித்தால் மதிப்பெண் குறையும். வேளாண் பாடத்தில் பழைய தகவல் வயலுக்குப் போய்விடும். இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

ஒரு காலத்தில் பூச்சி மருந்துப் பட்டியல்களில் எண்டோசல்பான் சாதாரணமாக இடம்பெற்றது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்திக்கும், விற்பனைக்கும், பயன்பாட்டுக்கும் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளும் ஸ்கேன் செய்த கையேடுகளும் இணையத்தில் இன்னும் கிடைக்கின்றன. தேடினால் அவையும் வரும். அதை அப்படியே பிரிண்ட் எடுத்து வகுப்பில் கொடுத்தால் தடை செய்த மருந்தைப் பாடமாக நடத்தியது போலாகிவிடும்.

இரண்டாவது, யூரியா மூட்டை. பழைய குறிப்புகளில் ஒரு மூட்டை 50 கிலோ என்று இருக்கும். 2018 முதல் யூரியா 45 கிலோ மூட்டையாக வருகிறது. “ஏக்கருக்கு இத்தனை மூட்டை” என்று எழுதிய பழைய குறிப்பை இன்று படித்தால் மூட்டைக்கு 5 கிலோ குறையும். மேலும் சாதாரண யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். கந்தகம் பூசிய யூரியாவில் 37 சதவீதம்தான். எனவே மூட்டைக் கணக்கை நம்பாமல், கிலோவில் கணக்கிட்டு, மூட்டையின் மேல் அச்சிட்ட சத்து அளவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பைலுக்குப் பெயர் வைக்கும்போது பயிர், பொருள், எங்கிருந்து எடுத்தது, எழுதப்பட்ட ஆண்டு ஆகிய நான்கும் பெயரிலேயே இருக்கட்டும். உதாரணமாக “நெல் உரம் அக்ரிடெக் 2019” என்று வைக்கலாம். ஆண்டு தெரியாவிட்டால் “ஆண்டு இல்லை” என்றே எழுதி விடுங்கள். மருந்து, உர அளவு ஆகியவற்றுக்கு “ஆண்டு இல்லை” பைலை மட்டும் நம்பி எதையும் செய்வதில்லை என்று ஒரு விதி வைத்துக் கொள்ளுங்கள். சாட்ஜிபிடி போன்ற ஏஐ தளங்கள் சொல்லும் அளவுகளுக்கும் இதே விதிதான். பல்கலைக்கழகப் பரிந்துரையோடு ஒத்துப் பார்த்த பிறகே எழுதிக் கொள்ள வேண்டும்.

கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்

ஆசிரியர்கள் பல ஆண்டுகளுக்கு முன் டைப் செய்து வைத்த நல்ல வினாத்தாள்களும் குறிப்புகளும் பென் டிரைவ்களில் இருக்கும். அவற்றை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். பைல் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தது. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாததால்தான் இப்படித் தெரிகிறது. “பாமினி யூனிகோட் மாற்றி” என்று தேடினால் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் கிடைக்கும். பழைய எழுத்தை காப்பி செய்து அங்கே பேஸ்ட் செய்து, மாற்றிய தமிழை எடுத்துப் புதிய பைலில் சேமிக்கவும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. எனவே இனி நீங்கள் டைப் செய்வது யூனிகோடிலேயே இருக்கட்டும். அப்போதுதான் எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் ஒரே மாதிரி தெரியும், தேடினாலும் கிடைக்கும்.

விண்டோஸ் 11-ல் தமிழ் டைப் செய்யத் தனி சாப்ட்வேர் தேவையில்லை. ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதன் பின் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் செல்லவும். ஆட் எ லாங்குவேஜ் என்பதில் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யவும். பிறகு தமிழ் என்ற வரியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் சென்றால், கீபோர்ட் வகைகளில் தமிழ் 99, அஞ்சல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக் கொள்ளலாம்.

முதல் ஷீட்: ஹெக்டேரிலிருந்து நம் ஏக்கருக்கு

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். பல்கலைக்கழகப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சத்து என்று இருக்கும். நம் ஊரில் நிலத்தை ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுகிறோம். கடையில் சத்து கிடைப்பதில்லை, உரம் கிடைக்கிறது. இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்தால் எந்தப் பயிருக்கும் அதே ஷீட் பயன்படும்.

உங்களிடம் எக்ஸெல் இருந்தால் அதிலேயே செய்யலாம். இல்லாவிட்டால் லிபர் ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவிக் கொள்ளுங்கள். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராமில் செய்வதாகவே இங்கே சொல்கிறேன்.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள் இவை. 1 ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். 1 ஏக்கர் என்பது 100 சென்ட். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். டி.ஏ.பி. உரத்தில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46 சதவீதம். மியூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதவீதம்.

கணக்குப் பழகுவதற்காக ஹெக்டேருக்குத் தழைச்சத்து 50, மணிச்சத்து 25, சாம்பல் சத்து 25 கிலோ என்று வைத்துக் கொள்வோம். கால்க்கில் புதிய ஷீட் திறந்து, ஏ காலத்தில் விவரத்தையும் அதற்கு நேரே பி காலத்தில் எண்ணையும் கீழ்க்கண்டபடி அமைக்கவும்.

வரிசை 2: தழைச்சத்து, ஹெக்டேருக்கு. பி2-ல் 50
வரிசை 3: மணிச்சத்து, ஹெக்டேருக்கு. பி3-ல் 25
வரிசை 4: சாம்பல் சத்து, ஹெக்டேருக்கு. பி4-ல் 25
வரிசை 5: நம் நிலம், ஏக்கரில். பி5-ல் 1
வரிசை 6: நமக்கு வேண்டிய தழைச்சத்து. பி6-ல் =பி2/2.47*பி5
வரிசை 7: நமக்கு வேண்டிய மணிச்சத்து. பி7-ல் =பி3/2.47*பி5
வரிசை 8: நமக்கு வேண்டிய சாம்பல் சத்து. பி8-ல் =பி4/2.47*பி5
வரிசை 9: டி.ஏ.பி., கிலோ. பி9-ல் =பி7/0.46
வரிசை 10: டி.ஏ.பி.யிலேயே வரும் தழைச்சத்து. பி10-ல் =பி9*0.18
வரிசை 11: யூரியா, கிலோ. பி11-ல் =(பி6-பி10)/0.46
வரிசை 12: பொட்டாஷ், கிலோ. பி12-ல் =பி8/0.60

இங்கே பி என்று அச்சிட்டிருப்பதைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தாகவே தட்ட வேண்டும். அது சிரமம் என்றால் சமக்குறியை மட்டும் போட்டுவிட்டு, தேவையான செல்லில் மவுஸால் கிளிக் செய்யுங்கள். செல்லின் பெயர் தானாக வரும். பிறகு வகுத்தல் குறி, எண், பெருக்கல் குறி என்று தொடர்ந்து, கடைசியில் எண்டர் தட்டவும். விடையில் புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் வந்தால், பார்மட் மெனுவில் செல்ஸ் சென்று டெசிமல் பிளேசஸ் என்பதில் 2 கொடுக்கவும்.

எல்லாம் சரியாக இருந்தால் டி.ஏ.பி. 22.00, யூரியா 35.40, பொட்டாஷ் 16.87 என்று வரும். வராவிட்டால் எந்த வரிசையில் தவறு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தழைச்சத்து 20.24, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 10.12, டி.ஏ.பி.யில் வரும் தழைச்சத்து 3.96 என்று இருக்க வேண்டும்.

இப்போது பி5-ல் உள்ள 1 என்பதை அழித்து 0.4 என்று டைப் செய்யுங்கள். அதாவது 40 சென்ட். எண்டர் தட்டியதும் டி.ஏ.பி. 8.80, யூரியா 14.16, பொட்டாஷ் 6.75 என்று எல்லாமே மாறிவிடும். கால்குலேட்டரில் இதையே மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். ஷீட்டின் பலன் இதுதான்.

அடுத்து பி5-ல் 2.47 கொடுத்துப் பாருங்கள். யூரியா 87.43 கிலோ வரும். ஹெக்டேர் அளவை ஏக்கர் என்று தவறாகப் படித்தவர் ஒரு ஏக்கரில் போடும் யூரியா இவ்வளவு. வேண்டியது 35 கிலோ. தழைச்சத்து அதிகமானால் நெல் கரும்பச்சையாகச் செழித்துப் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிறகு தண்டு மென்மையாகிச் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் எளிதில் வரும். பணமும் போகும். இரண்டு எண்களையும் அருகருகே பார்த்த மாணவர் அலகு மாற்றத்தை மறக்க மாட்டார். வகுப்பில் இதைச் செய்து காட்டுவது ஆசிரியருக்கு ஐந்து நிமிட வேலை.

50:25:25 என்பது கணக்குப் பழக எடுத்த எண் என்பதை மறக்க வேண்டாம். பயிர், ரகம், பாசனம் ஆகியவற்றைப் பொறுத்துப் பரிந்துரை மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் வயலின் மண் பரிசோதனை முடிவு இருக்கிறது. மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியது. அந்த அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள், அமிலகாரத் தன்மை, துத்தநாகம், போரான் உட்பட 12 அளவுகள் இருக்கும். வீட்டில் அட்டை இருந்தால் போனில் போட்டோ எடுத்து “எங்கள் ஊர்” போல்டரில் வையுங்கள். இல்லாவிட்டால் மண் மாதிரி எடுப்பதையே செய்முறையாகச் செய்யலாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடங்களில் மேல் குப்பையை நீக்கி, ஆங்கில வி எழுத்து போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரை கிலோ ஆகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி வேளாண்மைத் துறையிடம் கொடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது.

இரண்டாவது ஷீட்: நம் ஊர் மழை

சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆனால் ஒரு கண்மாய்க்கு வரத்து இருந்து பக்கத்துக் கண்மாய் காய்ந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாவட்டச் சராசரி நம் ஊர் மழையைச் சொல்லாது. அதை நாமே அளக்கலாம்.

வாயும் அடியும் ஒரே அகலமாக, நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பா போதும். மரமோ சுவரோ மறைக்காத வெட்டவெளியில் சாயாமல் வையுங்கள். வானிலைத் துறை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் ஸ்கேலால் அளந்து தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நிற்கும் தண்ணீரின் உயரம் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் முந்தைய 24 மணி நேர மழை.

புதிய ஷீட்டில் ஏ1-ல் தேதி, பி1-ல் மழை, சி1-ல் குறிப்பு என்று தலைப்பு கொடுக்கவும். ஏ2-ல் மாதத்தின் முதல் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடையில் சிறு கோடிட்டு டைப் செய்யவும். இந்த வரிசையில் கொடுத்தால் மாதமும் நாளும் இடம் மாறும் குழப்பம் வராது. பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற தேதிகள் தாமாக நிரம்பும்.

மழை இல்லாத நாளில் 0 போட வேண்டும். அளக்க மறந்த நாளில் 0 போடக் கூடாது. காலியாக விட்டு, குறிப்பில் “அளக்கவில்லை” என்று எழுத வேண்டும். மழை இல்லை என்பதும் தெரியாது என்பதும் ஒன்றல்ல. பதிவேடு எழுதுபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

மாதக் கடைசியில் பி33 செல்லில் கிளிக் செய்து, மேலே உள்ள Σ பட்டனை அழுத்தி சம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பி2 முதல் பி32 வரை தேர்வு செய்து எண்டர் தட்டினால் மாத மொத்தம் கிடைக்கும். மழை நாட்களை எண்ண, தலைப்பு முதல் பி32 வரை தேர்வு செய்து, டேட்டா மெனுவில் மோர் பில்டர்ஸ், ஸ்டாண்டர்ட் பில்டர் செல்லவும். மழை என்ற காலத்துக்கு >= குறியும் 2.5 என்ற எண்ணும் கொடுக்கவும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று எண்ணுகிறது. பார்த்து முடித்ததும் அதே மெனுவில் ரீசெட் பில்டர் கொடுத்தால் எல்லா வரிகளும் திரும்ப வரும். தேதியையும் மழையையும் தேர்வு செய்து இன்சர்ட் மெனுவில் சார்ட் கொடுத்தால் படமும் தயார்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். எனவே 10 மி.மீ. மழை ஒரு ஏக்கரில் 40,470 லிட்டரைக் கொட்டுகிறது. குறிப்புக் காலத்தில் புழுதி விதைத்த நாள், முளைத்த நாள், கண்மாய்க்குத் தண்ணீர் வந்த நாள், கலுங்கு பாய்ந்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் உங்கள் பள்ளியில் இருக்கும்.

மூன்றாவது ஷீட்: செய்முறைப் பதிவேடு

அமெரிக்காவில் 1917-ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண் கல்விக்கு அரசு நிதி தந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், மேற்பார்வையின் கீழ் பண்ணையில் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். இன்றும் அங்கே வேளாண் மாணவர்கள் கன்றுக்குட்டியோ தோட்டமோ ஒன்றைப் பொறுப்பேற்று, வரவு செலவை எழுதிப் பதிவேடாகக் கொடுக்கிறார்கள்.

அதை இங்கே செய்ய அரை ஏக்கர்கூட வேண்டாம். வீட்டில் உள்ள பத்து நாட்டுக் கோழி, இரண்டு வெள்ளாடு, கொல்லையில் இரண்டு சென்ட் காய்கறி எதுவாகவும் இருக்கலாம். ஷீட்டில் ஆறு காலங்கள் போதும்: தேதி, விவரம், செலவு, வரவு, வேலை நேரம், குறிப்பு. மாதம் ஒருமுறை செலவுக்கும் வரவுக்கும் Σ பட்டனால் மொத்தம் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள்.

இதில் பலரும் விட்டுவிடும் இரண்டு வரிகள் உண்டு. வீட்டில் சாப்பிட்ட முட்டையைக் கடை விலைக்கு வரவில் எழுத வேண்டும். வீட்டு நெல்லையோ கம்பையோ தீவனமாகப் போட்டால் அதையும் சந்தை விலைக்குச் செலவில் எழுத வேண்டும். இவற்றை விட்டால், லாபம் தரும் கோழி நஷ்டமாகவும் நஷ்டம் தரும் கோழி லாபமாகவும் தெரியும். வேலை நேரத்தையும் எழுதிவந்தால் நம் உழைப்புக்கு மணிக்கு என்ன கிடைத்தது என்று வகுத்துப் பார்க்கலாம். அந்த விடை சில நேரம் கசக்கும்; ஆனால் விவசாயம் செய்யப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியவை

ஷீட்டில் ஒவ்வொரு மாற்றம் செய்த பிறகும் கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயைத் தட்டிச் சேமியுங்கள். வாரம் ஒருமுறை “வேளாண் அறிவியல்” போல்டரை முழுமையாகப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். பாடநூல் தொலைந்தால் மறுபடி டவுன்லோட் செய்யலாம். ஓர் ஆண்டு மழைப் பதிவு தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. பள்ளியில் கம்ப்யூட்டர் இல்லாத வகுப்புக்கு, உர ஷீட்டின் விடை காலத்தைக் காலியாக்கிப் பிரிண்ட் எடுத்தால் அதுவே பயிற்சித்தாள்.

பயிற்சி: உங்கள் வீட்டு வயலின் பரப்பை ஏக்கரில் பி5-ல் கொடுங்கள். அக்ரிடெக் தளத்தில் உங்கள் பயிருக்கான பரிந்துரையைத் தேடி முதல் மூன்று எண்களை மாற்றுங்கள். கிடைக்கும் விடையைச் சென்ற போகத்தில் வீட்டில் உண்மையில் போட்ட உரத்துடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், காரணம் என்ன என்று அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தையும் “எங்கள் ஊர்” போல்டரில் எழுதி வையுங்கள். ஷீட்டுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மண் பரிசோதனை முடிவு வந்ததும் இரண்டையும் சேர்த்து வகுப்பில் பேசலாம்.